ஷிமாபரா: எரிமலையடிக் கடலோர ஊருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று ஒரு சுற்று முடித்தவர்கள் அடுத்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கூட்டமில்லாத ஊர் ஏதாவது இருக்கிறதா? கியூஷு தீவின் மேற்கில், நாகசாகி மாகாணத்தில், ஒரு தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஷிமாபரா. முன்னால் அரியாகே கடல், பின்னால் உன்சென் எரிமலைத் தொகுதி. நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டை, தெருவெல்லாம் ஊற்று நீர், ஒற்றைப் பெட்டியோடு வந்து போகும் மஞ்சள் ரயில். எட்டு மணிக்கு மேல் கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. இரவு வாழ்க்கை, ஷாப்பிங் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது.

இந்த ஊரை நாகசாகியிலிருந்தோ குமமோட்டோவிலிருந்தோ காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணமாகச் சுருக்கிவிடுகிறார்கள். அப்படி வருகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், மீனைப் பார்ப்பார்கள், மலையைப் பார்க்காமலே போவார்கள். உன்சென் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டால் அன்று முழுக்கக் காட்டாது. ஆகவே இந்தக் கட்டுரையின் மொத்த யோசனையும் இவ்வளவுதான்: இரண்டு இரவு தங்குங்கள், ஊருக்கு ஒரு நாள், மலைக்கு ஒரு நாள். எது முதலில் என்பதை வானம் முடிவு செய்யட்டும்.

எப்போது போவது

மே மாத நடுவில் போனால் உன்சென் சரிவுகளில் மியாமா கிரிஷிமா என்ற காட்டு அசேலியா இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் வாரங்கள் வரை மேலே இலை சிவக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவதே நல்லது, வானமும் தெளிவாக இருக்கும். ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சூறாவளி வந்தால் கப்பலும் ரோப்வேயும் நின்றுவிடும். குளிர்காலம் மோசமில்லை. மலை உச்சியில் மரக்கிளைகளில் பனிப்படிகம் பூப்போல ஒட்டியிருக்கும், கடலில் கடற்காகங்கள் கூட்டமாகக் கப்பலைத் துரத்தும். ஆனால் சென்னை வெயிலில் வளர்ந்தவர்கள் கனமான ஜாக்கெட் இல்லாமல் மலைக்குப் போகக் கூடாது.

கிளம்புவதற்கு முன் ஜப்பான் வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் உன்சென் எரிமலைக்கான எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை எண் இருக்கும். ஒன்று என்றால் கவலையில்லை. எண் கூடியிருந்தால் மலைப் பகுதியை விட்டுவிட்டு ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

ஷிமாபராவுக்கு இரண்டு வாசல்கள்: ரயில், கப்பல். ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறுங்கள். வந்த வழியே திரும்புவதில் நேரமும் மிச்சமாகாது, பார்க்கப் புதிதாகவும் ஒன்றும் இருக்காது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் சிங்கப்பூர், பாங்காக் போன்ற ஏதாவது ஒரு நகரில் மாறி ஃபுகுவோகா விமான நிலையத்தில் இறங்குவது வசதி. அந்த விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சுரங்க ரயிலில் ஐந்தாறு நிமிடத்தில் ஹகாட்டா நிலையம் வந்துவிடும்.

ஹகாட்டாவிலிருந்து நாகசாகி நோக்கிப் போகும் ‘ரிலே காமோமே’ ரயிலில் ஏறுங்கள். டாகேவோ-ஒன்சென் நிலையத்தில் அதே பிளாட்பாரத்தின் மறுபக்கம் ‘காமோமே’ ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில், காத்துக்கொண்டிருக்கும், மாறி உட்கார வேண்டியதுதான். இந்த மேற்கு கியூஷு ஷின்கான்சென் 2022 செப்டம்பரில்தான் திறந்தது, மற்ற ஷின்கான்சென் பாதைகளோடு இன்னும் இணையவில்லை. அதனால்தான் இந்த மாற்றம். இசஹாயா நிலையத்தில் இறங்கிவிடுங்கள். நாகசாகி வரை போய்விட்டால் திரும்பி வரவேண்டியிருக்கும்.

இசஹாயாவோடு உங்கள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பயணம் முடிகிறது, ஷிமாபரா ரயில்வே தொடங்குகிறது. இது தனியார் ரயில். ஜேஆர் பாஸ் செல்லாது, தனியாகக் காசு கொடுக்க வேண்டும். உள்ளூரில் இதை ‘ஷிமாடெட்சு’ என்பார்கள். பெரும்பாலும் ஒரே பெட்டி, டீசல் வண்டி, ஓட்டுநர் மட்டும். நடத்துநர் கிடையாது. மணிக்கு ஏறக்குறைய ஒரு வண்டி என்ற கணக்கில் ஓடும், ஷிமாபரா வர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

முதல்முறை போகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். ஆளில்லாத நிலையத்தில் ஏறினால் கதவருகே இருக்கும் சிறு இயந்திரத்திலிருந்து எண் போட்ட சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் தலைக்கு மேலே ஒரு பலகை இருக்கும். உங்கள் சீட்டின் எண்ணுக்குக் கீழே தெரியும் தொகைதான் கட்டணம், வண்டி போகப் போக அது கூடிக்கொண்டே வரும். இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் சீட்டையும் சரியான சில்லறையையும் போட வேண்டும். பெட்டி மீதி தராது. பக்கத்திலேயே சில்லறை மாற்றும் துளை இருக்கிறது, அதற்குள் ஆயிரம் யென் தாள்தான் போகும். எனவே ஹகாட்டாவிலேயே பத்தாயிரம் யென் தாள்களை உடைத்து ஆயிரங்களாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் பஸ்ஸுக்கும் இதே முறைதான்.

இசஹாயாவிலிருந்து வரும்போது இடப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் வயலும் மலையும்.

வழியில் ஓமிசாகி என்று ஒரு நிலையம். பிளாட்பாரத்தின் விளிம்பிலிருந்து கடல் தொடங்குகிறது. வேண்டுதலை எழுதி மஞ்சள் கைக்குட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். படங்களில் பார்த்து இங்கே இறங்குகிறவர்கள் அதிகம். ஆனால் ஜப்பானிலேயே கடல் ஏற்ற இறக்கம் மிக அதிகமாக உள்ள இடம் அரியாகே கடல்தான். வற்றின நேரத்தில் இறங்கினால் சேறுதான் தெரியும். அன்றைய ஓத நேரத்தை இணையத்தில் பார்த்து, நீர் ஏறியிருக்கும் வேளையில் மட்டும் இறங்குங்கள். இறங்கினால் அடுத்த வண்டிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நிலையத்தைச் சுற்றி கடை கண்ணி எதுவும் பெரிதாக இல்லை. கையில் தண்ணீர் இருக்கட்டும்.

எங்கே தங்குவது

ஊரில் கவனிக்க வேண்டிய நிலையங்கள் இரண்டு. ஷிமாபரா நிலையம் கோட்டைப் பக்கம், பழைய கோட்டை வாசல் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். ரயில் பாதை முடிகிற ஷிமாபராகோ நிலையம் துறைமுகப் பக்கம். முன்பு இந்தப் பாதை இன்னும் தெற்கே கசுசா வரை போனது, 2008இல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். பழைய வழிகாட்டி நூல்களில் தெற்கு ஊர்களுக்கு ரயில் இருப்பதாகப் படித்தால் நம்பாதீர்கள், இப்போது பஸ்தான்.

நடந்து சுற்ற வேண்டும் என்பவர்கள் கோட்டைப் பக்கம் தங்கலாம். வெந்நீர்க் குளியலும் கடல் பார்த்த அறையும் வேண்டுமென்றால் துறைமுகப் பக்கம். அந்தப் பக்க அறைகளில் கிழக்கு பார்த்ததாகக் கேட்டு வாங்குங்கள், சூரியன் கடலிலிருந்து எழும்பும்.

ஊருக்கான நாள்

கோட்டையில் தொடங்குங்கள். நிலையத்திலிருந்து நேராகத் தெரியும், பத்து நிமிட நடை. இப்போது நிற்கும் ஐந்தடுக்கு வெள்ளைக் கோபுரம் 1964இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது. மேலிருந்து ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. மலை தெளிவாக இருந்தால் இங்கிருந்தே மறுநாள் திட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஏறிப் பார்த்துப் படமெடுத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் காட்சியகத்துக்கு நேரம் கொடுங்கள்.

கதை இது. 1618இல் மட்சுகுரா ஷிகெமாசா என்ற பிரபு இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினான். அவனுடைய சிறு ஆட்சிப் பகுதிக்குத் தாங்காத பெரிய கோட்டை. செலவு முழுவதும் குடியானவர்கள் தலையில் வரியாக விழுந்தது. கிறிஸ்தவர்களாக மாறியிருந்தவர்களை அவன் உன்சென் மலையின் கொதிநீர் ஊற்றுகளுக்கு இழுத்துப் போய் வதைத்தான். மகன் கட்சுயியே காலத்திலும் வரி குறையவில்லை. 1637 கடைசியில் மக்கள் எழுந்தார்கள். அமகுசா ஷிரோ என்ற பதின்வயதுப் பையன் தலைமையில் தெற்கே ஹாரா என்ற கைவிட்ட கோட்டைக்குள் புகுந்து மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். 1638 வசந்தத்தில் ஏறக்குறைய அத்தனை பேரையும் கொன்று கலகத்தை முடித்தது அரசு. அதன் பிறகு கட்சுயியேவின் தலையையும் வெட்டியது. பிரபுக்கள் குற்றம் செய்தால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கௌரவமாகச் சாக விடுவதுதான் அன்றைய வழக்கம், ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் தலை வெட்டப்பட்ட ஒரே பிரபு இவன்தான் என்கிறார்கள். காட்சியகத்தில் அந்தக் காலத்துக் கிறிஸ்தவப் பொருள்கள் இருக்கின்றன. புத்தரின் அருள்வடிவம்போல் தெரியும் மரியாள் சிலைகளை நின்று பாருங்கள், ஒளிந்து கும்பிட்டவர்களின் வேலை அது.

கோட்டையை விட்டு வெளியே வந்து, வடமேற்கில் சாமுராய் தெருவுக்கு நடங்கள். கீழ்நிலைப் போர்வீரர்கள் வாழ்ந்த தெரு. கருங்கல் சுவர்களுக்கு நடுவே மண் பாதை, அந்தப் பாதையின் நடுவில் ஒரு வாய்க்கால். சாக்கடை என்று நினைக்க வேண்டாம், அந்தத் தெருவின் குடிநீரே அதுதான். அழுக்குப் படாமல் காவல் காக்க ஆள் வைத்திருந்தார்கள். மூன்று வீடுகள் திறந்திருக்கும், கட்டணமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி தண்ணீரைத் தொடர்ந்து தெற்கே போவோம். மலையில் பெய்யும் மழை எரிமலைப் பாறைகளுக்குள் இறங்கி, ஊருக்குள் பல இடங்களில் ஊற்றாக வெளிவருகிறது. 1792 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊற்றுகள் பெருகின என்பது உள்ளூர் வரலாறு. நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாகப் போனால் ஷின்மாச்சி வரும். அங்கே தெருவோர வாய்க்காலில் கோய் மீன்கள், அதாவது வண்ணக் கெண்டைகள், நீந்துகின்றன. சிவப்பு, வெள்ளை, தங்கம் என்று முழங்கை நீளத்துக்கு இருக்கும். 1978இல் ஊர்க்காரர்கள் விட்டவை. உணவு போடலாமா என்று அங்குள்ளவர்களைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள்.

பக்கத்திலேயே ஷிமெய்சோ என்ற பழைய வீடு. இரண்டு பக்கம் குளம், குளத்துக்கு மேல் நீட்டிய தாழ்வாரம். சிறு கட்டணம் கொடுத்து உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தால் அடியில் மீன் போவது தெரியும், தண்ணீர் அவ்வளவு தெளிவு. அரைமணி நேரமாவது உட்காருங்கள். இந்த ஊரில் காசு கொடுத்துப் பார்க்கும் இடங்களில் எனக்கு முதலிடம் இதற்குத்தான், கோட்டைக்குக்கூட அடுத்த இடம்தான்.

இன்னும் கீழே, துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஹமானோகாவா ஊற்று. சுற்றுலாத் தலம் என்று சொல்ல முடியாத அளவுக்கு எளிய இடம், ஆனால் தவறவிடக் கூடாதது. கல் தொட்டி நான்காகத் தடுத்திருக்கும். ஊற்று வரும் முதல் தொட்டி சாப்பாட்டுப் பொருளுக்கு. அடுத்தது அலசுவதற்கு, அதற்கடுத்தது பாத்திரத்துக்கு, கடைசி தொட்டி துணிக்கு. மேல் தொட்டியின் நீர் கீழ்த் தொட்டிக்கு வழியுமே தவிர மேலே திரும்பாது. அக்கம்பக்கத்து மக்கள் இன்றும் புழங்கும் இடம் என்பதால் கையையோ காலையோ முதல் தொட்டியில் விடுவது பெரிய குற்றம். யாராவது காய்கறி கழுவிக்கொண்டிருந்தால் படமெடுக்கும் முன் ‘சுமிமாசென்’ (மன்னிக்கவும்) என்று தலை தாழ்த்திக் கேளுங்கள்.

ஊரில் குடிக்கத்தக்க ஊற்றுகளில் குழாயும் குவளையும் வைத்திருப்பார்கள். பாட்டிலை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். போகிற வழியில் கோதோஜி கோயிலில் 1957இல் செய்த சயன புத்தர் இருக்கிறார், பெரிய உருவம். நேரமிருந்தால் எட்டிப் பாருங்கள்.

மலை இறங்கி வந்த இடங்கள்

ஊரின் முதுகுக்கு மிக அருகில், கோட்டைக்குப் பின்னால் எழும்பி நிற்பது உன்செனின் உச்சி என்று நினைத்துவிடுவார்கள். அது மாயுயாமா, முன்னால் நிற்கும் பழைய எரிமலைக் குவியல். அதன் ஒரு பக்கம் வெட்டி எடுத்ததுபோல் சரிந்திருப்பதைக் கவனியுங்கள். 1792 மே 21 இரவு, நில அதிர்ச்சியில் அந்தப் பக்கம் முழுதாக இடிந்து ஊரைப் புதைத்துக்கொண்டு கடலில் விழுந்தது. எழும்பிய அலை எதிர்க்கரையில், இன்றைய குமமோட்டோவில், மோதித் திரும்பி மறுபடி இங்கே அடித்தது. சுமார் 15,000 பேர் இறந்தார்கள். ஜப்பானின் எரிமலைப் பேரழிவுகளில் இதைவிடப் பெரியது இல்லை. துறைமுகத்துக்கு வெளியே கொத்துக் கொத்தாகப் பைன் மரம் முளைத்த குட்டித் தீவுகள் தெரிகின்றனவே, அவை அன்று விழுந்த மலையின் துண்டுகள்.

198 ஆண்டுகள் உறங்கிய பிறகு, 1990 நவம்பர் 17 அன்று உன்சென் தொகுதியின் ஃபுகென்டாகே உச்சி மறுபடி புகைந்தது. 1991 மே மாதம் லாவா வெளியே வந்தது. இங்கே வரும் லாவா வழிந்தோடும் வகை இல்லை. கெட்டியாக ஒரே இடத்தில் குவிந்து மேடாகும். மேட்டின் விளிம்பு உடைந்து விழும்போதெல்லாம் சுடுவாயுவும் சாம்பலும் பாறையும் கலந்த மேகம் சரிவில் பாயும். அதிலிருந்து ஓடித் தப்ப முடியாது. 1995 வரை அப்படி ஏறத்தாழ 9,400 முறை நடந்தது. ஊரின் நடுப்பகுதி தப்பியதற்குக் காரணம் இடையில் நின்று மறைத்த மாயுயாமா. இருநூறு ஆண்டு முன்பு ஊரை அழித்த அதே மலை.

1991 ஜூன் 3 மாலை நான்கு மணி சுமாருக்கு வந்த மேகத்தில் 43 பேர் இறந்தார்கள். எரிமலையைப் படமெடுக்க நல்ல கோணம் என்று ஊடகக்காரர்கள் கூடியிருந்த இடம், மக்களை வெளியேறச் சொல்லியிருந்த பகுதிக்குள் இருந்தது. அவர்களோடு அவர்களை ஏற்றி வந்த டாக்சி ஓட்டுநர்கள், இரண்டு போலீஸ்காரர்கள், உள்ளூர்த் தீயணைப்புத் தொண்டர்கள் 12 பேர், ஊர்க்காரர்கள். எரிமலைகளைப் படமெடுத்தே வாழ்ந்த பிரெஞ்சுத் தம்பதி மொரீஸ், காட்யா கிராஃப்ட்டும் அமெரிக்க ஆய்வாளர் ஹாரி கிளிக்கனும் அதில் இருந்தார்கள். அந்த இடத்தை இப்போது நினைவிடமாக ஒழுங்கு செய்து, எரிந்து நசுங்கிய வாகனங்களை எடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே போவதாக இருந்தால் டாக்சிதான் வழி.

பார்க்கும் வரிசை எனக்குச் சரியாகப் படுவது இது. முதலில் கமடாஸ் டோம், அதாவது உன்சென் பேரிடர் நினைவு அருங்காட்சியகம். துறைமுகத்திலிருந்து பஸ், பிறகு கொஞ்சம் நடை. என்ன நடந்தது என்பதை இங்கே புரிந்துகொண்டு பிறகு இடங்களுக்குப் போனால்தான் கண்ணுக்கு முன் இருப்பது விளங்கும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனம். எரிமலையின் வேகத்தை ஒலியும் அதிர்வுமாகக் காட்டும் அரங்கம் சிலரைப் பயமுறுத்தும்.

அடுத்து, மிசுனாஷி ஆற்றைத் தாண்டித் தெற்கே, புதைந்த வீடுகளைப் பாதுகாக்கும் பூங்கா. தெற்கே போகும் ஷிமாடெட்சு பஸ் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிற்கும், அதை ஒட்டித்தான் இருக்கிறது. 1992 ஆகஸ்டில் மழை பெய்து, சரிவில் கிடந்த சாம்பலும் பாறையும் சேறாக இறங்கியபோது புதைந்த 11 வீடுகள் இவை. கூரையும் மாடி ஜன்னலும் மட்டும் மண்ணுக்கு மேலே நிற்கின்றன. மக்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. இருபது நிமிடம் போதும், ஆனால் அந்த இருபது நிமிடத்தில் பேசிக்கொண்டு நடப்பவர்களை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, மலைப் பக்கமாக உள்ளே இருக்கும் ஓனோகோபா தொடக்கப் பள்ளி. 1991 செப்டம்பர் 15 அன்று வந்த மேகம் கட்டடத்தை எரித்தது. பிள்ளைகள் முன்பே வேறு இடத்துக்கு மாறியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வளைந்த ஜன்னல் சட்டங்களோடு எலும்புக்கூடாக நிற்கும் கட்டடத்துக்கு நேர் மேலே புது லாவா மேடு தெரியும். முற்றத்தில் கருகிப் பிறகு துளிர்த்த ஜின்கோ மரம் இருக்கிறது. பக்கத்துக் கண்காணிப்பு மையத்திலிருந்து பள்ளத்தாக்கில் அடுக்கடுக்காகக் கட்டிய தடுப்பணைகளைப் பார்க்கலாம். ஆளை உள்ளே அனுப்ப முடியாத பகுதி என்பதால் புல்டோசர்களைத் தொலைவிலிருந்து இயக்கிக் கட்டும் முறையை ஜப்பானியர்கள் இங்கேதான் வளர்த்தெடுத்தார்கள்.

இந்த மூன்றுக்கும் பொதுப் பேருந்தை நம்பினால் அரை நாள் போய்விடும். மூன்று, நான்கு பேர் இருந்தால் டாக்சியைப் பேசிக்கொள்வது நல்லது. உள்ளூர் ஓட்டுநர்களில் வயதானவர்கள் அந்த நாட்களைப் பார்த்தவர்களாகவே இருப்பார்கள்.

மலைக்கான நாள்

காலையில் ஜன்னலைத் திறந்து பாருங்கள். மாயுயாமாவுக்குப் பின்னால் வானம் நீலமாக இருந்தால் இன்றுதான். துறைமுகத்திலிருந்து உன்சென் ஒன்சென் என்ற மலையூருக்கு பஸ் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ எடுக்கும். நாளைக்குச் சில வண்டிகள்தான். திரும்பும் நேரத்தை ஏறும்போதே ஃபோனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் போய்விட்டால் டாக்சி கட்டணம் கண்ணைக் கட்டும்.

உன்சென் ஒன்சென் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அழுகிய முட்டை வாடை வரும், பழகிவிடும். ஊரின் நடுவிலேயே வெள்ளைத் தரையில் ஆவி பீறிடும் பகுதியை ‘ஜிகோகு’, நரகம் என்கிறார்கள். பலகைப் பாதையில் ஒரு சுற்று வர ஒரு மணி நேரம். பாதையை விட்டு ஓரடிகூட வெளியே வைக்காதீர்கள், மேலோடு மெல்லியது, அடியில் கொதிநீர். மட்சுகுரா காலத்தில் கிறிஸ்தவர்களை வதைத்தது இங்கேதான், சிலுவை நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. அந்த ஆவியில் வேகவைத்த முட்டை விற்பார்கள்.

ஒரு எச்சரிக்கை, ஜப்பானியர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது: வெள்ளி மெட்டி, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் மலைக்குப் போகும் முன் கழற்றிவிடுங்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும், குளியலில் இறங்கினால் நிச்சயம்.

1934இல் ஜப்பான் அறிவித்த முதல் தேசியப் பூங்காக்களில் உன்செனும் ஒன்று. அதற்கும் முன்பே ஷாங்காய், ஹாங்காங் வெள்ளைக்காரர்கள் கோடைக்கு இங்கே வந்தார்கள்.

இன்னும் மேலே நிதா கணவாய். உன்சென் ஒன்செனிலிருந்து முன்பதிவு செய்து போகும் பகிர்வு டாக்சி உண்டு, தங்குமிடத்தில் சொன்னால் முந்தைய நாளே பதிந்து தருவார்கள். கணவாயிலிருந்து ரோப்வே சில நிமிடங்களில் 1,333 மீட்டர் மியோகென்டாகே அருகே கொண்டு விடும். அங்கிருந்தே ஹெய்செய் ஷின்சான் தெரியும். 1990களில் குவிந்த லாவா மேடுதான் அது, இப்போது 1,483 மீட்டர். நாகசாகி மாகாணத்தின் மிக உயர்ந்த இடம். அதன் உச்சிக்கு யாரும் போக அனுமதி இல்லை, இன்னும் பாறை சரிகிறது.

நடக்கத் தெம்பு இருந்தால் 1,359 மீட்டர் ஃபுகென்டாகே வரை சுற்றுப் பாதையில் போய் வரலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி ஒருவழிப் பாதை, அம்புக்குறியை மீறாதீர்கள். வழியில் பாறை இடுக்குகளிலிருந்து குளிர்காற்று வரும் குகைகள் இருக்கின்றன, முற்காலத்தில் பட்டுப்புழு முட்டைகளை அங்கே குளிரில் வைத்திருந்தார்கள். செருப்போடு இந்தப் பாதைக்குப் போகக் கூடாது. கடை எதுவும் இல்லை. மேகம் இறங்கிவிட்டால் பாதிவழியிலேயே திரும்பிவிடுங்கள், மேலே போய்ப் பார்க்க ஒன்றும் இருக்காது.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே கஷ்டமில்லை. குசோனி என்பது இந்த ஊரின் உணவு. மோச்சி அரிசி உருண்டை, கோழி, விலாங்கு வகை மீன், மீன் கேக், வேர்க்காய்கள் எல்லாம் ஒரே மண்சட்டியில். ஹாரா கோட்டையில் முற்றுகைக்குள் இருந்தவர்கள் கிடைத்ததையெல்லாம் போட்டுக் காய்ச்சியதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். கோட்டை எதிரிலேயே கிடைக்கும். ரொகுபே என்பது சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த கருத்த, குட்டையான நூடுல்ஸ். பஞ்ச காலத்துச் சாப்பாடு, ருசி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், ஒருமுறை சாப்பிடலாம்.

சைவர்கள் கொஞ்சம் திட்டமிட வேண்டும். காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பிலும், ரொகுபேயிலும், சோமென் நூடுல்ஸின் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் ‘தாஷி’ என்ற மீன் சாறு இருக்கும். கடைக்காரர்கள் பலருக்கு அது அசைவம் என்றே தோன்றாது. அதனால் ‘இறைச்சி இல்லாமல்’ என்று கேட்டால் போதாது. ‘நிகு தோ சகானா வா தபேமாசென், தாஷி மோ தாமே தேசு’ என்று சொல்லுங்கள். இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை, தாஷியும் கூடாது என்று பொருள். ஜப்பானிய எழுத்தில் ஃபோனில் வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது. ரியோகான் விடுதியில் இரவு உணவோடு அறை எடுக்காதீர்கள். எடுத்தால் முன்பதிவின்போதே எழுதிக் கேட்டு, அவர்கள் முடியும் என்று பதில் தந்த பிறகு மட்டும்.

நடைமுறை வழி: கன்வீனியன்ஸ் ஸ்டோரில் சூடாக்கித் தரும் வெள்ளைச் சாதம் கிடைக்கும். தயிர், பழம், ரொட்டி கிடைக்கும். அறையில் வெந்நீர்க் கெட்டில் இருக்கும். ஊரிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டு போனால் இரண்டு நாள் ஓடிவிடும். இறைச்சி கலந்த எதையும் கொண்டு போகாதீர்கள், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

கான்சராஷி மட்டும் எல்லாருக்கும் பொது. அரிசி மாவுச் சிற்றுருண்டைகளை ஊற்று நீரில் குளிரவைத்து, சர்க்கரையும் தேனும் சேர்ந்த பாகில் போட்டுத் தருவார்கள். கடைக்குக் கடை பாகு மாறும். ஷின்மாச்சி பக்கத்திலும் ஹமானோகாவா ஊற்றுப் பக்கத்திலும் கடைகள் இருக்கின்றன. மதியத்துக்கு மேல் தாமதிக்காமல் போங்கள். இந்த ஊரில் கடைகள் சீக்கிரம் மூடும், வார நாளில் விடுமுறை விடும் கடைகளும் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு மணிக்குள் உட்கார்ந்துவிடுவது பாதுகாப்பு.

வெந்நீர்க் குளியல்

ஆண், பெண் தனித்தனி. நீச்சலுடை கிடையாது, உள்ளே எல்லாரும் வெறுமேனியாகத்தான். முதலில் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுதாகக் குளித்த பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். முடியும் துண்டும் தண்ணீரில் படக் கூடாது. கூச்சமாக இருப்பவர்கள் குடும்பக் குளியலறை இருக்கிறதா என்று கேளுங்கள், அதுவும் வேண்டாமென்றால் ஊருக்குள் கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டிகள் இருக்கின்றன. உன்சென் நீர் அமிலமும் கந்தகமும் கலந்தது, கண்ணில் பட்டால் எரியும். ஷிமாபரா நீர் மென்மையானது.

கிளம்பும்போது

ரயிலில் வந்திருந்தால் கப்பலில் கிளம்புங்கள். துறைமுகத்திலிருந்து குமமோட்டோவுக்கு இரண்டு வகைக் கப்பல்: வேகமானது அரைமணி நேரம், மற்றது ஒரு மணி நேரம். அவசரமில்லையென்றால் மெதுவானதை எடுங்கள். கட்டணமும் குறைவு, மேல்தளத்தில் நின்று ஊரையும் மாயுயாமாவையும் அதற்குப் பின்னால் ஹெய்செய் ஷின்சானையும் ஒரே பார்வையில் பார்க்கலாம், 1792இல் எது எங்கே விழுந்தது என்பது இங்கிருந்துதான் முழுதாக விளங்கும். குமமோட்டோ துறைமுகம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது, கப்பல் நேரத்தை ஒட்டி நிலையத்துக்கு பஸ் உண்டு. இறங்கியதும் கழிவறை, கடை என்று நிற்காமல் நேராக பஸ்ஸுக்குப் போங்கள், அடுத்த பஸ் அடுத்த கப்பலுக்குத்தான் வரும்.